கட்டணம் இரண்டு மடங்கு என்றால் கவனிப்பும் இரண்டு மடங்கா?

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்கு 78 வயது. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பிடித்துக்கொண்டால் நாலடி நடப்பார். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது. சமீபமாக மறதியும் கூடியிருக்கிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரவில் அம்மாவுக்காக நாலு முறை எழுகிறேன், இனி முடியாது போலிருக்கிறது. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்று இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் பெரிய வரவேற்பறை, தோட்டம், தனி அறை எல்லாம் உண்டு. கட்டணம் மற்றதைப் போல இரண்டு மடங்கு. இன்னொன்று பழைய கட்டடம், அறைக்கு இரண்டு பேர். "அம்மா விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது, பெரிய இடத்திலேயே சேர்" என்கிறார் அண்ணன். அதைக் கட்டினால் என் சேமிப்பு மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும். குறைந்த கட்டணத்தில் சேர்த்தால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல மனசு உறுத்துகிறது. கூடக் கொடுத்தால் உண்மையிலேயே கவனிப்பு கூடுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணத்துக்கு முன்னால் துரோகம் என்ற அந்தச் சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஏழு மாதமாக இரவில் நாலு முறை எழுந்து, காலையில் வேலைக்கும் போய்வருகிறீர்கள். ஒரு நல்ல இல்லத்தில் அந்த வேலையைச் செய்ய இரவுக்கென்று தனி ஆள் இருப்பார், பகலில் அவர் தூங்குவார். உங்களுக்கு அந்தப் பகல் தூக்கமும் கிடையாது. இப்படியே போனால் ஒருநாள் அம்மாவைத் தூக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். இந்த வேலையில் அதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். இனி முடியாது என்று சரியான நேரத்தில் உணர்ந்திருக்கிறீர்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். கூடக் கொடுத்தால் கவனிப்பு கூடுமா? கூடலாம், ஆனால் கொடுத்ததாலேயே கூடிவிடாது. நீங்கள் கட்டும் பணம் உங்கள் அம்மாவின் கட்டிலருகே வந்து நிற்கும் ஒரு ஆளாக, அந்த ஆள் அங்கே செலவிடும் நிமிடங்களாக மாறினால் கவனிப்பு கூடும். வரவேற்பறையின் பளிங்குத் தரையாக மாறினால் கூடாது. அதனால் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதோடு, அதில் எவ்வளவு அம்மாவின் கட்டில் வரை வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நிமிடக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம். ஒரு ஊழியரிடம் 12 பேர் இருந்தால் ஆளுக்கு 40 நிமிடம் வரும். அவர் சாப்பிடுவதற்கும், குறிப்பேடு எழுதுவதற்கும், விரிப்பு மாற்றுவதற்கும், நடந்து போய் வருவதற்கும் போக 30 நிமிடம் மிஞ்சினால் பெரிய விஷயம். உங்கள் அம்மாவுக்கு ஒரு பகல் ஷிப்டில் என்னென்ன தேவைப்படும்? எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், உடம்பு துடைத்து அல்லது குளிப்பாட்டி, பலவீனமான கையை முதலில் நுழைத்து உடை மாட்டிவிட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். புரையேறும் நோயாளிக்கு ஒரு வேளை சாப்பாடு கொடுக்க இன்னொரு அரை மணி. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து, பலவீனமான பக்கக் கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று சோதித்து, முடிந்தபிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு வேளைக்கும் சேர்த்தால் ஏற்கனவே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டோம். 12 பேரைப் பார்க்கும் ஊழியர் எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும் இதைச் செய்து முடிக்க முடியாது. பத்து நிமிடத்தில் ஊட்டி முடிப்பார். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். அப்புறம் நிமோனியா, மருத்துவமனை.

அன்பு இல்லாத ஊழியர்களை விட, நேரம் இல்லாத ஊழியர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நீண்டகாலம் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 4.1 மணி நேரப் பராமரிப்பு தேவை, அதற்குக் கீழே போனால் தரம் பாதிக்கப்படுகிறது என்று 2001-இல் அமெரிக்க அரசுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு சொன்னது. அதில் 2.8 மணி நேரம் உதவியாளர்களுடையது, மீதி செவிலியர்களுடையது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு பற்றி விசாரித்த ராயல் கமிஷன் (அரசு அமைத்த உயர்மட்ட விசாரணைக் குழு) 2021-இல் அறிக்கை கொடுத்த பிறகு, நிமிடங்களையே விதியாக்கிவிட்டார்கள். 2023 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 200 நிமிடம். அடுத்த வருஷமே அது 215 ஆனது, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த எண்களை ஒரு அளவுகோலாகக் கையில் வைத்துக்கொள்ளலாம். மனித உடம்புக்குத் தேவைப்படும் நேரம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறிவிடாது.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒழுங்காக நடக்கும் இல்லத்தில் செலவில் பெரிய பங்கு சம்பளம்தான். மிச்சம் சாப்பாடு, மருந்து, டயப்பர், கையுறை, மின்சாரம், கட்டட வாடகை அல்லது கடன் வட்டி, விளம்பரம், முதலாளியின் லாபம். கட்டணம் கூடும்போது இதில் எது கூடுகிறது என்பதுதான் விஷயம். புதுக் கட்டடம், விலை உயர்ந்த இடம் என்றால் வட்டியும் வாடகையும் பெரிய வாயோடு உட்கார்ந்திருக்கும். சில நிறுவனங்கள் கட்டடத்தைத் தங்களுடைய இன்னொரு கம்பெனியின் பெயரில் வைத்து, அதற்குத் தாங்களே பெரிய வாடகை கொடுத்துக்கொள்கின்றன. கணக்கில் இல்லம் நஷ்டத்தில் இருப்பதுபோலத் தெரியும், ஊழியர்களுக்குச் சம்பளம் உயர்த்தப் பணம் இல்லை என்பார்கள்.

யார் நடத்துகிறார்கள் என்பதற்கும் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்று நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட 82 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 40 ஆய்வுகள் லாப நோக்கமில்லாத இல்லங்களே மேல் என்று தெளிவாகக் காட்டின. லாப நோக்குள்ளவை மேல் என்று காட்டியவை 3 மட்டும். மீதி கலவையாக இருந்தன. சராசரி அப்படிச் சொல்கிறது, ஆனாலும் லாபத்துக்கு நடத்தும் அருமையான இல்லங்களிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். இன்னொரு ஆய்வு என்னை நிஜமாகவே கலங்க வைத்தது. அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய பராமரிப்பு இல்லங்களைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். குறுகிய காலச் சிகிச்சைக்கு வந்தவர்களிடையே மரணம் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. அதே சமயம் செலவும் கூடியிருந்தது, உதவியாளர் எண்ணிக்கை குறைந்திருந்தது. கட்டணம் ஏறி, கவனிப்பு இறங்குவதும் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அதற்காக மலிவான இடம்தான் நல்ல இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழ்மட்டத்தில் பணம் மிக மிக முக்கியம். நல்ல கவனிப்புக்கு ஆகும் செலவு என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே கட்டணம் வாங்கும் இல்லம் எதையோ வெட்டித்தான் ஆக வேண்டும். இரவு ஆளை வெட்டும், இல்லை கையுறையை, டயப்பரை வெட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஓர் இடத்தில் இருந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு இரவில் ஒரு டயப்பர்தான் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆறே வாரத்தில் ஒரு பெரியவருக்கு இடுப்பின் பின்புறம் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் வந்தது. அதை ஆற்ற மாதக்கணக்கில் மருந்தும் கட்டும் போட்டோம், அந்தச் செலவு முழுவதையும் அவருடைய மகன் ஏற்றார். டயப்பரில் மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பல வருஷம் கழித்துப் போன இன்னொரு இல்லத்தில் வரவேற்பறையில் பூச்சாடிகள், மெல்லிய இசை, சீருடையில் சிரித்த முகங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் மாடியில் 26 பேருக்கு இரண்டே ஊழியர்கள். அங்கேயும் புண் பார்த்தேன். அதற்கும் வாசலில் இருந்த இசைக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான்.

எனவே வாசலில் நின்று முடிவு செய்யாதீர்கள். சொல்லாமல் ஒரு தடவை மாலையிலும், ஒரு தடவை விடுமுறை நாளிலும் போங்கள். காலை பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போய், ஊட்ட வேண்டியவர்கள் எத்தனை பேர், ஊட்டுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே ஊட்டுகிறாரா என்று பாருங்கள். நின்றுகொண்டிருக்கிறார் என்றால் பெரும்பாலும் அடுத்தவரிடம் ஓட வேண்டிய அவசரம்தான். தட்டுகள் பாதி உணவோடு திரும்பிப் போகின்றனவா என்றும் கவனியுங்கள். ஏதாவது ஒரு அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். கட்டிலில் இருப்பவர்களின் தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? உங்கள் அம்மாவைப் போல இடது பக்கம் பலவீனமானவருக்கு டம்ளரும் மணியும் வலது பக்கம் இருக்க வேண்டும். அதை யோசித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே யாரோ ஒருவர் நோயாளியை நோயாளியாகப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

நகம், பல்செட், கண்ணாடி இந்த மூன்றையும் பாருங்கள். நகம் வெட்டியிருந்து, பல்செட் வாயில் இருந்து, கண்ணாடி துடைத்திருந்தால் அந்த இல்லத்தில் நிமிடங்கள் இருக்கின்றன. வாசனையை வைத்து முடிவு செய்வதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓர் அறையில் சிறுநீர் வாடை என்றால் இப்போதுதான் ஏதோ நடந்திருக்கலாம். எல்லா அறையிலும் அடித்தால் ஆள் போதவில்லை. எங்கேயும் வாடை தெரியாதபடி வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம், நிர்வாகியிடம் இல்லாமல் ஊழியர்களிடமே பேசுங்கள். "இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று நாலு பேரைக் கேளுங்கள். எல்லோரும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்றால் அங்கே ஆட்கள் நிற்பதில்லை. ஆட்கள் நிற்காத இடத்தில் உங்கள் அம்மாவை யாருக்கும் தெரியாது. மறதி உள்ளவருக்குத் தினமும் ஒரே முகம் வருவது பெரிய மருந்து. குளிக்க மறுப்பது, கத்துவது, சாப்பிட மாட்டேன் என்பது, இதில் பாதி தெரியாத முகத்தைப் பார்த்த பயம். "தினமும் அம்மாவை ஒரே ஆள் பார்ப்பாரா, மாறிக்கொண்டே இருப்பார்களா?" என்று கேளுங்கள். இதற்குக் கூடுதல் செலவே கிடையாது, ஷிப்ட் போடும் விதத்தில் இருக்கிறது. சின்ன இல்லங்கள் பல இதைப் பெரிய இல்லங்களைவிட நன்றாகச் செய்கின்றன.

கட்டாயம் கேட்க வேண்டியது இரவுக் கணக்கு. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? செவிலியர் உள்ளேயே இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது செவிலியர்கள் காலகாலமாகப் பின்பற்றும் முறை. அப்படிப்பட்ட 12 பேர் இருக்கும் இடத்தில் ஆளுக்கு ஆறு நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு 72 நிமிடம். அதற்கு நடுவில் கழிப்பறைக்குக் கூப்பிடுபவர்கள், எழுந்து நடப்பவர்கள். ஒரே ஆளால் எப்படி முடியும்? "என் அம்மா ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பாங்க, என்ன செய்வீங்க?" என்று நேராகக் கேளுங்கள். "கூட்டிட்டுப் போவோம்" என்றால் யார் என்று கேளுங்கள். "டயப்பர் போட்டுடுவோம், காலைல மாத்திடுவோம்" என்றால் அந்த இல்லம் எவ்வளவு வாங்கினாலும் அங்கே சேர்க்காதீர்கள்.

மறதி இருப்பதால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். ராத்திரி தூங்காதவர்களுக்கு, அலைபவர்களுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள்? ஆள் போதாத இடத்தில் அந்த ஆளின் வேலையை மாத்திரை பார்க்கும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலும், பழைய வகை மருந்துகளையும் சேர்த்து 2008-இலும் எச்சரித்தது. மருத்துவர் காரணத்தோடு, கொஞ்ச காலத்துக்கு என்று கொடுப்பது வேறு. அமைதியாகக் கிடக்க வேண்டும் என்பதற்காகத் தினமும் கொடுப்பது வேறு. புது மருந்து எதுவானாலும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எடைக் குறிப்பேட்டையும் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது எடை பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ தானாகக் குறைந்தால் அது கவலைப்பட வேண்டிய இறக்கம். "எடை குறைந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் அங்கே எடை பார்ப்பது வெறும் சடங்கு.

படுக்கைப் புண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். மோசமான நிலையில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நல்ல இல்லத்தில் புண்ணோடு வந்தவர்களே அதிகம் இருக்கலாம். நடமாடுபவர்களை மட்டும் சேர்க்கும் இடத்தில் ஒருவருக்கும் இருக்காது. எனவே வந்த பிறகு புண் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதே நியாயம். செலவிலும் இதே குழப்பம் உண்டு. கடினமான நோயாளிகளை வைத்திருக்கும் இடத்தில் செலவு இயல்பாகவே கூடும், அதை வீண் செலவு என்று சொல்லிவிட முடியாது.

கட்டணத்தை ஒப்பிடும்போது இரண்டு இடத்திலும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். டயப்பர், பிசியோதெரபி, ஊட்டிவிடுவது, துணி துவைப்பது, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாம் உள்ளடங்கியதா, தனியா? அம்மாவின் நிலை மோசமானால் கட்டணம் எவ்வளவு ஏறும்? வருஷத்துக்கு எவ்வளவு உயர்த்துவார்கள்? எந்த நிலை வந்தால் "இனி எங்களால் பார்க்க முடியாது" என்று அனுப்பிவிடுவார்கள்? நடுவில் விட்டு வந்தால் முன்பணம் திரும்பி வருமா? குறைந்த கட்டணம் என்று நீங்கள் எழுதியிருக்கும் இடம் இதையெல்லாம் கூட்டினால் மற்றதுக்கு வெகு அருகில் வந்து நின்றுவிடலாம். அதையும் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறைத்தது, சேமிப்பு மூன்று வருஷத்தில் தீரும் என்ற வரி. அண்ணன் அதை யோசித்தாரா தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்கு 81 வயது, மறதி இன்னும் முற்றியிருக்கும். அப்போது பழகிய அறையை, பழகிய முகங்களை விட்டு வேறு இடத்துக்கு மாற்றினால் அவர் தாங்குவது மிகவும் கடினம். மறதி உள்ளவர்கள் இடம் மாறியதும் சாப்பிடாமல், தூங்காமல், விழுந்து எழுந்து தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே கடைசி வரை உங்களால் கட்ட முடியுமா என்பதும் தரத்தில் ஒரு பகுதிதான். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். பெரிய இடம்தான் வேண்டும் என்றால், மூன்றாவது வருஷத்துக்குப் பிறகு மாதாமாதம் தான் எவ்வளவு தருவார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யட்டும். கோபமில்லாமல் கேளுங்கள், ஆனால் தொகையாகக் கேளுங்கள்.

தனி அறைக்கும் மதிப்பு இல்லாமல் இல்லை. தூக்கம், அந்தரங்கம், தொற்று பரவாமல் இருப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் மறதியும் பயமும் உள்ள சிலருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு மனுஷி இருப்பதே தைரியம். உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இரவு ஆட்களும், சாப்பாட்டு நேர ஆட்களும், நின்று நிலைத்த ஊழியர்களும் பழைய கட்டடத்தில் போதுமான அளவு இருந்தால் அங்கேயே தயங்காமல் சேருங்கள். மிச்சமாகும் பணத்தில் வாரம் மூன்று நாள் பிசியோதெரபி வையுங்கள், அந்த இடது தோள் இறுகிவிடாமல் இருக்கும். மாறாக, பெரிய இடத்தில் மட்டும்தான் இந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கூடுதல் கட்டணம் நியாயமானதுதான். அப்போது அண்ணனின் பங்கைப் பேசி முடித்துவிட்டுச் சேருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் மூன்றாவது இடம் தேடுங்கள், அதுவரை இரவுக்கு மட்டுமாவது வீட்டுக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்த்தாலும் ஒரு தாளில் அம்மாவைப் பற்றி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பக்கமிருந்து பேச வேண்டும், எதற்குப் பயப்படுவார், தண்ணீரை எவ்வளவு கெட்டியாக்கிக் கொடுத்தால் புரையேறாமல் குடிப்பார். ஏழு மாதத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது அத்தனையும் அதில் வரட்டும். முதல் மாதம் வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்களா என்று கவனித்து, அப்படி இருந்தால் அங்கேயே அன்பாகச் சொல்லிக் காட்டுங்கள். அடிக்கடி சொந்தக்காரர்கள் வந்துபோகும் கட்டிலை ஊழியர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம். அதுவரை இன்றிரவு இரண்டு முறையாவது உங்கள் கணவர் எழுந்திருக்கட்டும்.